சிவ கோத்திரம் என்று சொன்னாய்

அன்புள்ள மகன் சித்தார்த்தனுக்கு,

கையெழுத்தைப் பார்த்து முகம் சுளிக்காதே. கோடு போட்ட தாளில்தான் எழுதுகிறேன். ஆனாலும் எழுத்துகள் கோட்டுக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகப் போய் நிற்கின்றன. சில இடங்களில் பேனாவை அழுத்தியதில் தாள் கிழிந்திருக்கும். சுரங்கத்தில் பாறைக்குத் துளை போடும் மிஷினை வருஷக்கணக்காகப் பிடித்த விரல்கள் இவை. மெல்லியதாக ஒன்றைப் பிடிக்கச் சொன்னால் அவற்றுக்குப் புரிவதில்லை. இதற்காக மன்னித்துக்கொள். வேறு எதற்கும் இந்தக் கடிதத்தில் உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

உன் அம்மாதான் எனக்கு டீச்சர். எட்டாவது படித்தவள் என்று இத்தனை வருஷம் சும்மா பெருமை பேசிக்கொண்டிருந்தாள். இப்போது அந்த எட்டாவதுக்கு ஒரு மாணவன் கிடைத்துவிட்டான். “இன்னாயா இது, ‘ழ’வா பாம்பா? வால மடக்கு” என்று விரலில் தட்டுகிறாள். நீ பவித்ராவைப் பற்றி எங்களிடம் சொன்ன அன்றுதான் தொடங்கினேன். உன் கல்யாணப் பத்திரிகை வரும்போது யாரும் எனக்குப் படித்துக் காட்டக் கூடாது, நானே படிக்க வேண்டும் என்று ஆசை. இந்தப் பெங்களூரில் தமிழ் எழுத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. போண்டா மடித்துத் தரும் பேப்பர், ஓசூர்க் கடைக்காரர் கொடுத்த காலண்டர், தேங்காய் எண்ணெய் டப்பா, எதையும் விடுவதில்லை. இது முடிந்ததும் கன்னட எழுத்துக்குப் போவேன், பஸ் போர்டு படிக்க வேண்டாமா? அதுவரை எனக்கு எழுதத் தெரிந்தது இதுதான். நீயும் தங்கவயலில் நாலாம் வகுப்புவரைதான் தமிழ் படித்தாய், எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். நான் எழுதும் வேகமும் நீ படிக்கும் வேகமும் ஒன்றாகத்தான் இருக்கும். அது நல்லது. வேகமாகப் படித்துத் தள்ளிவிடக் கூடிய கடிதமில்லை இது. வாழ்நாளில் நான் எழுதும் முதல் கடிதம் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். நீ அப்படி விடவில்லை. ஆனாலும் ஒன்று சொல்கிறேன், ‘கோபம்’ என்ற சொல்லை எழுதிப் பார்த்தேன், மிக நன்றாக வந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை மல்லேஸ்வரத்தில், பவித்ராவின் வீட்டுக் கூடத்தில், அவள் அப்பா “உங்க கோத்திரம் என்ன?” என்று கேட்டார். நீ கண் சிமிட்டாமல் “சிவ கோத்திரம்” என்றாய். நான் உன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். உன் முழங்கை என் முழங்கையில் இடித்துக்கொண்டிருந்தது. அந்த முழங்கை நடுங்கவில்லை. எனக்கு முதலில் ஏறிய கோபம் அதுதான். பொய் சொல்கிறவனுக்கு உடம்பில் எங்காவது நடுக்கம் வர வேண்டும். உனக்கு வரவில்லை என்றால், இதை நீ வீட்டிலேயே சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டு வந்திருக்கிறாய்.

அன்று காலையில் காரில் ஏறும்போதே நீ தொடங்கிவிட்டாய். “நைனா, அங்க எதாச்சும் கேட்டா நான் பேசிக்கறேன். நீங்க சும்மா கேட்டுட்டு இருங்க” என்றாய். பின்சீட்டிலிருந்து உன் அம்மா, “ஏன்டா, உங்க நைனாவ கூட்டிட்டுப் போறியா, இல்ல அவர் போட்டோவ எடுத்துட்டுப் போறியா?” என்றாள். நான் சிரித்தேன். பையன் பதற்றமாக இருக்கிறான், பெண் வீட்டுக்கு முதல் தடவை போகிறோம், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். ஹெப்பகோடியில் நம் வீட்டிலிருந்து மல்லேஸ்வரம்வரை வழி நெடுக நீ ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டே வந்தாய்.

அந்த வீடு எனக்குப் பிடித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். காபி நன்றாக இருந்தது. சுவரில் ஒரு தமிழ்க் காலண்டர் இருந்தது. நான் எழுந்து போய், “ஞா...யி...ற்று...க்கி...ழமை” என்று வாய்விட்டுப் படித்தேன். உனக்கு முகம் செத்துப் போயிற்று. ஆனால் பவித்ரா கை தட்டினாள். “சூப்பர் அங்கிள்! நானும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஸ்கூல்ல கன்னடம்தானே எடுத்தேன். நம்ம ரெண்டு பேரும் ஒரே கிளாஸ்” என்றாள். அந்தப் பெண் மனசில் எதையும் மூடி வைக்கத் தெரியாதவள். அவளைப் பார்த்த அந்த நிமிஷத்தில் உன்மேல் எனக்கு எவ்வளவு பெருமை வந்தது தெரியுமா? அது பத்து நிமிஷம்கூட நிற்கவில்லை.

அவள் அப்பா அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதராகத்தான் பேசினார். “நேட்டிவ் எது?” என்றார். “பெங்களூர்தான் அங்கிள்” என்றாய். “பெங்களூர்ல எல்லாரும் எங்கேர்ந்தோ வந்தவாதானே. அதுக்கு முன்னாடி?” என்றார். “கோலார் சைடு” என்றாய். கோலார் சைடாம். நீ பிறந்த ஊருக்குத் தங்கவயல் என்று பெயர் இருக்கிறது. பிறகு, “அப்பா மைன்ஸ்ல சூப்பர்வைசரா இருந்தார்” என்றாய். நான் ஒருநாளும் சூப்பர்வைசராக இருந்ததில்லை. மைன்ஸ் மூடின பிறகு எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு அடுக்குமாடி வாசலில் செக்யூரிட்டியாக நின்றேன், அது உன் வாயில் வரவே இல்லை. இன்னொன்றும் கவனித்தேன். பிறந்தது முதல் என்னை நைனா என்று கூப்பிட்டவன், அந்த வீட்டுப் படி ஏறியதும் அப்பா என்றாய். அப்பா நல்ல சொல்தான். ஆனால் அது உன் வாயில் புதுச் செருப்பு மாதிரி சத்தம் போட்டது.

நிச்சயதார்த்தத்தன்று லக்னப் பத்திரிகை எழுதி எல்லோர் முன்னாலும் வாசிப்பது அவர்கள் வழக்கம், அதில் இரண்டு பக்கத்துக் கோத்திரமும் வரும் என்று அவர் விளக்கினார். அதற்காகத்தான் கேட்டார். நீ சிவ கோத்திரம் என்றதும் அவர் பேனாவை ஒரு கணம் நிறுத்தினார். உன்னைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “ஓ, சரி. அதையே போட்டுக்கலாம்” என்று குனிந்து எழுதினார். நீ பெருமூச்சு விட்டாய். தப்பித்துவிட்டதாக நினைத்தாய்.

நீ தப்பிக்கவில்லை. கிளம்பும்போது நீ காரை எடுக்கத் தெருமுனைக்குப் போனாய். உன் அம்மா உள்ளே பவித்ராவின் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள். கேட் பக்கத்தில் அவர் என்னோடு தனியாக நின்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “தப்பா எடுத்துக்காதீங்கோ. கோவில்ல அர்ச்சனைக்குக் கோத்திரம் தெரியாதுன்னு யாராவது சொன்னா, குருக்கள் சிவ கோத்திரம்னு சொல்லிண்டு மேல போயிடுவார். கேட்டவுடனே எனக்குப் புரிஞ்சுடுத்து. தங்கவயல், மைன்ஸ்... நான் விசாரிக்கல. விசாரிக்கவும் மாட்டேன். எங்களுக்கு ஒண்ணும் ப்ராப்ளம் இல்ல. சொந்தக்காரா யாராவது கேட்டா மட்டும், இப்படியே இருந்துடட்டும். பவிக்கு இதெல்லாம் தெரியாது. தெரியவும் வேண்டாம். நாம பெரியவா, புரிஞ்சுண்டு நடக்கணும்” என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “சரிங்க சார்” என்றேன். கேட்டில் நின்று நின்று பழகிய வாய். கார் கண்ணாடியை யார் இறக்கினாலும் சரிங்க சார் என்று சொல்லிப் பழகிய வாய். கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அந்தச் சொல் தானாக வந்துவிட்டது. அன்றிலிருந்து என் நாக்கு எனக்குக் கசக்கிறது.

இப்போது கணக்கைப் பார். நீ பொய் சொன்னாய். அது பொய் என்று தெரிந்தே அவர் எழுதிக்கொண்டார். நான் சரி என்று தலையாட்டினேன். மூன்று ஆம்பளைகள் சேர்ந்து ஒரு பெண்ணிடமிருந்து ஒன்றை மறைக்கிறோம். அந்தப் பெண்தான் உன்னோடு வாழப் போகிறவள். அவர்மேலும் எனக்குக் கோபம்தான், அதை மறைக்கவில்லை. அவருக்கு நாம் வேண்டும், நாம் யார் என்பது வேண்டாம். என் பெயருக்கு மேலே ஒரு துணியைப் போர்த்தி உள்ளே வரச் சொல்கிறார். ஆனால் அந்தத் துணியை நெய்து கொடுத்தவன் நீ.

நமக்குக் கோத்திரம் இல்லை. அது தொலைந்து போனது என்று நினைக்கிறாயா? வடார்க்காட்டிலிருந்து என் தாத்தா சுரங்க வேலைக்கு வந்தபோது, ஊரில் நம்மை எந்தச் சொல்லால் கூப்பிட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். அந்தச் சொல்லை இந்தத் தாளில் எழுத மாட்டேன், நான் எழுத்துக் கற்றது அதற்காக இல்லை. பூமிக்குள் இறங்கிச் சாகலாம், அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டு மேலே இருக்க முடியாது என்றுதான் வந்தார்கள். வந்த இடத்தில் பௌத்தத்தை எடுத்துக்கொண்டார்கள். யாரும் நம்மை அங்கே பிடித்துத் தள்ளவில்லை. யோசித்து, பேசி, சண்டை போட்டு, எடுத்துக்கொண்டார்கள். கோத்திரம், குலம், யார் மேல் யார் கீழ் என்ற பேச்சு இனி நம் வீட்டில் இல்லை என்று முடிவு செய்தார்கள். இல்லாதவன் வேறு, வேண்டாம் என்று விட்டவன் வேறு. அவர்கள் வேண்டாம் என்று தூக்கிப் போட்டதை நீ போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்திருக்கிறாய். அதுவும் நிஜமானதுகூட இல்லை, தெரியாதவர்களுக்குக் கொடுப்பது.

பயந்து செய்தான், விடு என்கிறாள் உன் அம்மா. பயம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். நாம் ஹெப்பகோடிக்கு வந்த புதிதில் காவிரித் தண்ணீர்ச் சண்டை வந்தது, நினைவிருக்கிறதா? பஸ்ஸில் நான் உன்னிடம் சத்தமாகத் தமிழில் ஏதோ கேட்டேன். நீ எட்டி என் வாயைப் பொத்தினாய். “நைனா, பேசாத” என்று காதில் சொன்னாய். உன் சின்னக் கை வியர்த்திருந்தது. வீடு வரும்வரை நான் பேசவில்லை. அன்று சாயங்காலம் நான்கைந்து பையன்கள் தெருவுக்குள் வந்து, இங்கே தமிழ்க்காரர்கள் யார் என்று கேட்டார்கள். வீட்டுக்காரம்மா, நம் கௌடம்மா, துடைப்பத்தோடு வாசலுக்கு வந்தார். “இவ்ரு நம்ம ஜன. ஹோக்ரோ!” என்றார். இவர்கள் எங்கள் ஆட்கள், போங்கடா என்று அர்த்தம். அவருக்கு நாம் யார் என்று முழுசாகத் தெரியும். வாடகைக்கு வந்த முதல் நாளே அவர் கேட்டார், நான் சொன்னேன். தமிழ், தங்கவயல், புத்தர் கும்பிடுகிறவர்கள், எல்லாம் சொன்னேன். “மாட்டுக்கறி சமைக்கற நாளு கதவ மூடிக்கிங்க, வாசனை எனக்கு ஒத்துக்காது” என்று அரைத் தமிழில் சொல்லிச் சாவியைக் கொடுத்தார். யார் என்று தெரிந்துதான் அவர் நமக்காக வாசலில் நின்றார். பொய் சொல்லியிருந்தால் அன்று அவர் யாருக்காக நின்றிருப்பார்? அன்றைக்கு உனக்கு இருந்த பயத்தை நான் மதித்தேன். இன்றைக்கு உனக்கு என்ன பயம்? கல்லோடு வந்து நிற்கிறார்களா? ஒரு கூடம், ஒரு சோபா, ஒரு டம்ளர் காபி. அவ்வளவுதான்.

நீ கன்னடம் பேசுவது எனக்குக் கோபமில்லை. நீ அதை வந்த கொஞ்ச நாளிலேயே பிடித்துக்கொண்டு ரேஷன் கடையில் எனக்காகப் பேசினபோது நான் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆபீசில் உன்னை சித் என்று கூப்பிடுவதும் எனக்குக் கோபமில்லை, நீளப் பெயரைக் கூப்பிட அவர்களுக்கு நேரமில்லை. கோபம் வேறு. நீ நண்பர்களோடு தங்கியிருந்த ரூமுக்கு நானும் அம்மாவும் வந்தோமே, ஞாபகப்படுத்திக்கொள். அங்கே ஒரு மலையாளி, ஒரு ஒடியாக்காரன், ஒரு மணிப்பூர்ப் பையன். அந்த மணிப்பூர்ப் பையன் ஏதோ மீனை வதக்கிக்கொண்டிருந்தான். வீடே நாறியது. மற்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு அவனைக் கிண்டல் செய்தார்கள். அவன் கரண்டியோடு வந்து, “அங்கிள், திஸ் இஸ் மை ஹோம் ஸ்மெல்” என்று சிரித்து, எனக்கும் ஒரு வாய் கொடுத்தான். எனக்குப் பிடித்தது. அதே நாள் உன் அம்மா கருவாட்டுத் தொக்கு ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்திருந்தாள். நீ அதைத் திறக்கவே இல்லை. “ஸ்மெல் வரும்மா” என்று அவள் பையிலேயே திருப்பி வைத்தாய். மீன் நாற்றத்துக்கு நடுவில் நின்றுகொண்டு சொன்னாய்! பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, “அந்த மணிப்பூர் புள்ளைக்காவது குடுத்திருக்கலாம்” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அன்றைக்கே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். இந்த ஊருக்கு எல்லோரும் எதையாவது எடுத்துக்கொண்டுதான் வருகிறார்கள். அவனவன் மீனையும் பாட்டையும் சாமியையும் கொண்டுவந்து இறக்குகிறான், இடம் போதவில்லை என்றால் சண்டை போடுகிறான், சண்டை போட்டுக்கொண்டே சேர்ந்து இருக்கிறான். நீ மட்டும் கையை வீசிக்கொண்டு வந்தால்தான் உள்ளே விடுவார்கள் என்று நினைத்துவிட்டாய். யார் சொன்னார்கள் உனக்கு? ஒருவேளை யாரோ சொல்லியிருப்பார்கள். ஆபீசில் உன் முழுப் பெயரைக் கேட்டுவிட்டு, அதற்குப் பின்னால் என்ன வருகிறது என்று தோண்டியிருப்பார்கள். உன் தோளைத் தட்டுகிற மாதிரி பூணூல் தேடியிருப்பார்கள். எனக்கு நீ எதையும் சொல்வதில்லை. சொல்லியிருந்தால் என் கோபத்தில் பாதியை அவர்களுக்குக் கொடுத்திருப்பேன். சொல்லாததால் முழுவதையும் நீயே வாங்கிக்கொள்.

முந்தாநாள் நீ போன் செய்தாய். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர்கள் நம் வீட்டுக்கு வருகிறார்கள், முன்னறையில் இருக்கும் புத்தர் படத்தையும் பக்கத்தில் கோட்டுப் போட்ட அண்ணல் படத்தையும் “ஒரு நாளைக்கு மட்டும்” உள்ளே வைக்கச் சொன்னாய். “புத்தர் வேணா இருக்கட்டும் நைனா, அது ஷோவுக்கும் வெப்பாங்க” என்றாய். நான் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அவள் உன்னிடம் சொன்னதைத் திரும்ப எழுதுகிறேன், எழுத்தில் இருக்கட்டும்: “கழட்டினா சுவத்துல வெள்ளையா சதுரம் தெரியும்டா. அதும்மேல எத மாட்டுவ? உன் கோத்திரத்தையா?” பயந்து செய்தான், விடு என்று சொன்னவளே இப்படிச் சொன்னாள். அதற்குப் பிறகு நீ வைத்துவிட்டாய். படங்கள் அங்கேயேதான் இருக்கும். நேற்று அவள் அவற்றை இறக்கி, கண்ணாடியைத் துடைத்து, மறுபடி மாட்டினாள். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன்.

நேற்று இன்னொரு போனும் வந்தது. பவித்ரா. நீ நம்பர் கொடுக்கவில்லை, உன் அம்மாவிடம் அன்றே வாங்கியிருக்கிறாள். “அங்கிள், ஒரு டவுட். ஆபீஸ்ல உங்க கால் வரப்போ சித் ஸ்கிரீன்ல ‘நைனா’ன்னு வருது. யாருன்னு கேட்டா அப்பாங்கறான். எங்காத்துல வந்து அப்பான்னு கூப்பிட்டான். எது கரெக்ட்?” என்றாள். நான் சிரித்துவிட்டேன். உன் போனில் இன்னும் நான் நைனாவாகத்தான் இருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. அந்த ஒரு சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். “ரெண்டும் நான்தாம்மா” என்றேன். பிறகு அவள், “உங்க பக்கம் கல்யாணம் எப்படிப் பண்ணுவாங்க அங்கிள்? எங்க வழக்கம் மட்டும் இருந்தா போதாது, உங்களோடதும் ஒண்ணு ரெண்டு இருக்கணும்னு எனக்கு ஆசை. சித்தைக் கேட்டா, ‘எங்களுக்கு ஸ்பெஷலா ஒண்ணும் கிடையாது’ங்கறான். ஒண்ணுமே இல்லாம இருக்குமா?” என்றாள்.

ஸ்பெஷலாக ஒன்றும் கிடையாது. சித்தார்த்தா, சிவ கோத்திரத்தைவிட இது என்னை அதிகம் அடித்தது. தெரியாதவன் மாதிரி சொல்லியிருக்கிறாய். உனக்குத் தெரியாதா? உன் அக்காள் கல்யாணத்தில் நீ மெழுகுவத்தித் தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாய். எங்கள் கல்யாணமும் அப்படித்தான். ஐயர் இல்லை, புகை இல்லை. பெண்ணுக்கு வெள்ளைப் புடவை. கூடத்தில் எல்லோரும் நிற்க, மாப்பிள்ளையும் பெண்ணும் ஐந்து சீலத்தையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். உயிரைக் கொல்ல மாட்டேன், பிறர் பொருளை எடுக்க மாட்டேன் என்று வரிசையாக வரும். நம் குடும்பத்தில் மட்டும் ஒரு பழக்கம் உண்டு. மற்ற நான்கையும் புத்தரைப் பார்த்துச் சொல்லலாம். நான்காவதை மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். பொய் சொல்ல மாட்டேன் என்பது நான்காவது. நான் சொன்னபோது உன் அம்மாவுக்குச் சிரிப்பு வந்து, மறுபடி முதலிலிருந்து சொல்ல வைத்தார்கள். இதை ஸ்பெஷல் இல்லை என்கிறாயா? நாளைக்கு அந்தப் பெண் உன் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லும்போது, நீ எங்கே பார்ப்பாய்?

நான் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் இது நீ சொல்ல வேண்டியது. உன் ஊரை, உன் வீட்டை, நாம் எதை விட்டு எதை எடுத்தோம் என்பதை, அவள் என் வாயிலிருந்து முதலில் கேட்டால் உன்னை எப்படிப் பார்ப்பாள் என்று யோசித்தேன். அதனால் வாயை அடக்கிக்கொண்டேன். “நான் இப்பத்தான் எழுதக் கத்துக்கிட்டு இருக்கேம்மா. அடுத்த வாரம் உனக்கு எழுதித் தரேன், பாத்துப் படி” என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். “வாவ், எனக்கு லெட்டரா?” என்று கத்தினாள். அவள் அப்பாவிடம் சொன்ன சரிங்க சார் மாதிரி இது தானாக வந்த வார்த்தை இல்லை. யோசித்துக் கொடுத்தது.

அதனால் கேட்டுக்கொள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வருவதற்கு முன்னால் நீ அவளிடம் சொல்லிவிடு. காபிக் கடையில் சொல், மெட்ரோவில் நின்றுகொண்டே சொல், எங்கே வேண்டுமானாலும் சொல். எல்லாவற்றையும் சொல். நான் செய்த வேலையை, ஊரை, படத்தில் இருப்பவர்களை, சிவ கோத்திரம் பொய் என்பதை, அது பொய் என்று அவள் அப்பாவுக்கும் தெரியும் என்பதை. கடைசியில் இருப்பது உனக்குக் கஷ்டம், அவளுக்கு அதைவிடக் கஷ்டம். அவள் கோபப்படுவாள். படட்டும். பிறகு அவள் வேண்டாம் என்று போனால், நான் உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், ஒரு வார்த்தை குத்திக் காட்ட மாட்டேன். ஆனால் அவள் போவாள் என்று எனக்குத் தோன்றவில்லை. நீ அவளைச் சரியாகப் பார்க்கவில்லை என்றுதான் தோன்றுகிறது. அவள் அப்பாவுக்கு மறைக்கத் தெரிந்தது என்பதால் அவளும் அப்படித்தான் என்று நினைக்கிறாய். அவள் கேட்கிறவள். உன்னிடம் கேட்டு, பதில் வராமல், என்னிடம் வந்து கேட்டவள்.

நீ சொல்லாவிட்டால், ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள் முன்னால் நான் சத்தம் போட மாட்டேன். பயப்படாதே. வந்தவர்களுக்கு உன் அம்மா சமைத்ததைப் போடுவேன், மரியாதையாக வழியனுப்புவேன். நிச்சயதார்த்தத்துக்கு வர மாட்டேன். என் முன்னோர் வேண்டாம் என்று விட்டதை என் பெயருக்கு முன்னால் ஒருவர் உரக்கப் படிக்க, நான் மாலையோடு உட்கார்ந்து கேட்க மாட்டேன். “அப்பாவுக்கு உடம்பு சரியில்லை” என்று நீ சொல்லிக்கொள், அதுவும் உனக்கு வரும்.

கை வலிக்கிறது. இதை எழுதி முடிக்க நேற்றும் இன்றும் பிடித்தது. அம்மா பார்த்துவிட்டு, “தப்பு கம்மியாத்தான் இருக்கு, திட்டுதான் ஜாஸ்தி” என்றாள். அடுத்த வாரம் மறுபடி பேனாவை எடுப்பேன், வாக்குக் கொடுத்திருக்கிறேன். நம் கல்யாணம் எப்படி நடக்கும் என்று விளக்கமாக எழுதுவேன். நீ அதற்குள் சொல்லியிருந்தால் அந்தக் கடிதம் உங்கள் இருவருக்கும், வெள்ளைப் புடவையிலிருந்து ஆரம்பிப்பேன். சொல்லவில்லை என்றால் அது அவளுக்கு மட்டும், சிவ கோத்திரத்திலிருந்து ஆரம்பிப்பேன். உறையில் எழுதிப் பழகுவதற்காக ஒரு தாளில் ‘சித்தார்த்தன் – பவித்ரா’ என்று ஒரு வரியும், ‘பவித்ரா’ என்று மட்டும் ஒரு வரியும் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டும் இப்போது எனக்குத் தப்பில்லாமல் வருகின்றன.

இப்படிக்கு,
உன் நைனா